எந்த அளவையில் அளந்த கடற்கரை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் தெருவில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்தி சென்ற வாரம் ஒரு மாலையில் புத்தகமும் கையுமாக வந்து எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தாள். "சார் தாத்தா, இந்தியாவோட கடற்கரை நீளம் எவ்வளவு? புத்தகத்துல 7,516 கிலோமீட்டர்னு இருக்கு. பேப்பர்ல 11,098னு வந்துச்சுன்னு அப்பா சொல்றாங்க. பரீட்சையில எதை எழுதுறது?" என்று கேட்டாள். வேதாரண்யம் வட்டாரத்துப் பள்ளிகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் சமூக அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். பட்டம் பெற்றது புவியியலில். புத்தகத்தில் இருப்பதை எழுது என்று சொல்லி அவளை அனுப்பியிருக்கலாம். பணிக்காலத்தில் எத்தனையோ பிள்ளைகளை அப்படித்தான் அனுப்பியிருக்கிறேன். அன்றைக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. நம் பிள்ளைகளுக்குப் புவியியலை எந்த இடத்தில் தொடங்குகிறோம், எந்த இடத்தில் தொடங்கியிருக்க வேண்டும் என்பதை அந்தக் கேள்வியை வைத்தே சொல்லலாம் என்று தோன்றியதால் இக்கடிதத்தை எழுதுகிறேன். சற்று நீளமானது, பொறுத்தருள வேண்டும்.

அவள் சொன்ன இரண்டு எண்களும் சரியானவையே. பல பத்தாண்டுகளாக நாம் மனப்பாடம் செய்துவந்த 7,516.6 கி.மீ. என்ற நீளத்தை மத்திய உள்துறை அமைச்சகத்தின் 2023-24ஆம் ஆண்டறிக்கை 11,098.81 கி.மீ. என்று திருத்தியது. இடைப்பட்ட காலத்தில் புதிதாக ஒரு மாநிலம் கடலோரத்தில் முளைத்துவிடவில்லை. பழைய நீளம் 1970களில் 1:45,00,000 என்ற அளவையுள்ள படத்தைக் கொண்டு கணக்கிடப்பட்டது. புதியது 1:2,50,000 அளவையில் எடுக்கப்பட்டது. முன்னதில் தாளில் உள்ள 1 செ.மீ. தரையில் 45 கி.மீ. ஆகும், பின்னதில் அதே 1 செ.மீ. இரண்டரை கி.மீ. மட்டுமே. எங்கள் பகுதியையே எடுத்துக்கொண்டால், வடக்கிலிருந்து நேராக இறங்கிவரும் சோழமண்டலக் கரை கோடியக்கரை முனையில் சட்டென்று மேற்கே மடங்கி, சேறும் அலையாத்திக் காடும் வாய்க்கால் முகங்களுமாக முத்துப்பேட்டைப் பக்கம் போகிறது. ஊரில் எல்லோரும் லகூன் என்று சொல்லும் முத்துப்பேட்டைக் காயலில் படகில் போனவர்களுக்கு அது எவ்வளவு பெரிய நீர்ப்பரப்பு என்பது தெரியும். 45 கி.மீ.யை ஒரு விரல் நகத்துக்குள் அடக்கும் படத்தில் அந்தக் காயல் முழுவதும் கோட்டின் பருமனிலேயே கரைந்துபோகும்.

இதை வாயால் விளக்குவதைவிடக் காட்டிவிடுவது எளிது. வீட்டிலிருந்து தையல் நூல்கண்டு ஒன்றை எடுத்துவரச் சொன்னேன். பள்ளி அட்லஸின் இந்தியப் பக்கத்தில் கோடியக்கரையிலிருந்து அதிராம்பட்டினம் வரை கரையோரமாக நூலை வைத்து அளந்தாள். அது கிட்டத்தட்ட நேர்கோடாகவே இருந்தது. நூலை வளைக்க வேண்டிய தேவையே ஏற்படவில்லை. பிறகு என் பெட்டியில் கிடந்த, துணியில் ஒட்டிய பழைய காவிரிப் பாசனப் படத்தை விரித்து அதே இரண்டு ஊர்களுக்கிடையே அளக்கச் சொன்னேன். ஆற்று முகம் வரும்போதெல்லாம் நூலை உள்ளே தள்ளி வெளியே இழுக்க வேண்டியிருந்தது. விரலில் எச்சில் தொட்டு நூலை ஒட்டவைத்து ஒட்டவைத்துப் போனாள். கணக்குப் போட்டபோது நீளம் கூடிவிட்டது. சிறிது நேரம் இரண்டு நூல்துண்டுகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தவள், "அப்ப இன்னும் பெரிய படத்துல அளந்தா இன்னும் கூடுமா, சார் தாத்தா?" என்றாள்.

லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேய வானிலை அறிஞர் நாடுகளின் எல்லைக் கணக்குகளைத் திரட்டியபோது, ஸ்பெயினுக்கும் போர்ச்சுகலுக்கும் இடையே உள்ள ஒரே எல்லை ஓரிடத்தில் 987 கி.மீ. என்றும் இன்னோரிடத்தில் 1,214 கி.மீ. என்றும் பதிவாகியிருந்ததைக் கண்டு நின்றதும் இதே கேள்வியில்தான். நம் மாநிலக் கதையும் அதுவே. தமிழ்நாட்டுக் கடற்கரை பழைய மத்தியக் கணக்கில் 906.9 கி.மீ.; புதிய கணக்கில் 1,068.69 கி.மீ.; மாநில அரசின் வெளியீடுகளில் நெடுங்காலமாக 1,076 கி.மீ. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள் இந்த மூன்றில் எது சரியான விடை என்று தேநீர்க் கடையில் சண்டையிட்டுக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். எந்த அளவையில் அளந்தது என்று அவர்களில் ஒருவரும் கேட்டதில்லை. பள்ளியில் நாங்கள் அதைக் கேட்கக் கற்றுக்கொடுத்ததில்லை என்பதே காரணம்.

அளவை என்றால் என்ன என்று கேளுங்கள். எந்தப் பிள்ளையும் சொல்லிவிடும். நிலவரைபடத்தில் இரு புள்ளிகளுக்கு இடையேயுள்ள தொலைவுக்கும் புவிப்பரப்பில் அதே இரு புள்ளிகளுக்கு இடையேயுள்ள தொலைவுக்கும் உள்ள விகிதம் என்று மூச்சுவிடாமல் ஒப்பிக்கும். ஆனால் ஒரு பாடத்தில் படித்த அந்த வரையறை, அடுத்த பாடத்தில் வரும் கடற்கரை நீளத்தின் பக்கத்தில் போய் நிற்பதில்லை. 2018க்குப் பின் வந்த ஆறாம் வகுப்புப் புத்தகத்தில் புவியியலின் முதற்பாடம் பேரண்டமும் சூரியக் குடும்பமும் ஆகும். பதினொரு வயதுப் பிள்ளை பால்வெளியில் தொடங்கி, கோள்களைக் கடந்து, கண்டங்களையும் பெருங்கடல்களையும் தாண்டி, இந்தியாவுக்கு வந்து, கடைசியில் தன் மாவட்டத்துக்கு வந்து சேர்வதற்குள் பள்ளிப்படிப்பில் பாதி முடிந்துவிடுகிறது. மேலிருந்து கீழே இறங்கும் இந்த வரிசையில் பிழை ஒன்றும் இல்லை என்பார்கள். புத்தகம் எழுதுகிறவருக்கு அது வசதியான வரிசை என்பதை நானும் மறுக்கவில்லை. என் பிள்ளைகளுக்கு அது உதவியதாக எனக்கு நினைவில்லை.

எங்கள் பள்ளிக் கொடிக்கம்பத்தை வைத்தே பூமியின் பாதிப் பாடத்தை நடத்திவிடலாம் என்று பணியின் பிற்பகுதியில்தான் கண்டுகொண்டேன். கடகரேகைக்கும் மகரரேகைக்கும் இடையே உள்ள ஊர்களில் ஆண்டுக்கு இருமுறை சூரியன் நேர் உச்சிக்கு வரும். வேதாரண்யம் ஏறத்தாழ 10.4 டிகிரி வட அட்சத்தில் இருப்பதால் இங்கே அது ஏப்ரல் 17ஐ ஒட்டி ஒருமுறையும், ஆகஸ்ட் 25, 26 தேதிகளில் மறுமுறையும் நடக்கும். ஏப்ரலில் தேர்வு, ஆகஸ்டில் பள்ளி திறந்திருக்கும். எட்டாம் வகுப்பை மைதானத்துக்கு அழைத்துப்போய்க் கம்பத்தைச் சுற்றி நிறுத்தினேன். பன்னிரண்டு மணிக்கு நிழல் மறையும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள், மறையவில்லை. 12 மணி 12 நிமிட அளவில்தான் அது கம்பத்தின் அடிக்குள் ஒடுங்கியது. "சார், உங்க வாட்ச் தப்பு" என்றான் ஒருவன். கடிகாரம் தப்பில்லை, அது நம் ஊருக்குரிய கடிகாரம் இல்லை என்று அங்கிருந்து பாடத்தைத் தொடங்கினேன்.

இந்தியத் திட்ட நேரம் 82 டிகிரி 30 நிமிடக் கிழக்குத் தீர்க்கக்கோட்டைக் கொண்டது. வடக்கே மிர்சாபூர் அருகேயும் தெற்கே காக்கிநாடா அருகேயும் போகும் அந்தக் கோட்டுக்கு நாங்கள் இரண்டரை டிகிரிக்குச் சற்று அதிகமாக மேற்கே இருக்கிறோம். பூமி ஒரு டிகிரி திரும்ப நான்கு நிமிடம் ஆகிறது. பத்து நிமிடத்துக்கு மேற்பட்ட தாமதம் அதனால் வந்தது. எஞ்சிய ஓரிரு நிமிடங்கள் சூரியனைச் சுற்றிவரும் பூமியின் வேகம் ஆண்டு முழுவதும் ஒரே சீராக இல்லாததாலும் அதன் அச்சு சாய்ந்திருப்பதாலும் வருபவை. 1906 ஜனவரி 1 முதல்தான் இந்தியாவுக்கு இந்தப் பொது நேரம்; அதற்கு முன் ரயில்கள் சென்னை நேரத்தில் ஓடின. குஜராத்தின் மேற்கு முனைக்கும் அருணாசலத்தின் கிழக்கு முனைக்கும் இடையே ஏறத்தாழ 30 டிகிரி, அதாவது இரண்டு மணி நேரம் இருப்பதையும், ரஷ்யாவில் பதினொரு நேர மண்டலங்கள் இருப்பதையும், பசிபிக்கில் உள்ள சமோவா தீவுநாடு தேதிக்கோட்டின் மறுபக்கத்துக்கு மாறியதால் அந்நாட்டு மக்களுக்கு 2011 டிசம்பர் 30 என்ற நாளே இல்லாமல் போனதையும் அதன்பின் சொன்னால், பிள்ளைகள் வாய்பிளந்து கேட்பார்கள். கொடிக்கம்பத்தில் தொடங்கினால் சமோவா தொலைவாகத் தெரிவதில்லை.

இதேபோல் இன்னொன்று. புவிமாதிரி ஒன்றை மேசையில் வைத்து, எங்கள் ஊரில் விரலை வைத்து, அட்சத்தை விட்டு விலகாமல் கிழக்கே உருட்டிக்கொண்டு போகச் சொல்வேன். வங்காள விரிகுடாவைக் கடந்தால் அந்தமானையும் நிக்கோபாரையும் பிரிக்கும் பத்து டிகிரிக் கால்வாய்; பெயரிலேயே அட்சத்தைச் சுமந்து நிற்கும் கடல்வழி அது. அடுத்துத் தாய்லாந்தின் குறுகிய கழுத்து. அதற்கப்பால் வியட்நாமில் மீகாங் ஆற்றின் டெல்டா. எங்களைப் போலவே ஆறு கொண்டுவந்த வண்டலில் நெல் விளைவிக்கும் மக்கள். பிறகு பிலிப்பைன்ஸின் செபூ நகரம். அதன்பின் பசிபிக், விரல் சலித்துப்போகும் அளவுக்குத் தண்ணீர். பிறகு கோஸ்டா ரிக்கா, வெனிசுவேலாவின் தலைநகர் கராகஸ், அட்லாண்டிக், நைஜீரியா, எத்தியோப்பியா, சோமாலியக் கரையில் பெர்பெரா துறைமுகம், அரபிக்கடல், லட்சத்தீவின் கவரத்தி, திருச்சூர், பழநி, திண்டுக்கல், பட்டுக்கோட்டை, மீண்டும் நம் வாசல். பெர்பெராவும் வேதாரண்யமும் சூரியனுக்கு ஏறத்தாழ ஒரே கோணத்தில் இருக்கின்றன. அங்கே பாலை, இங்கே வயல். இங்கே மழை ஏன் பெய்கிறது, அங்கே ஏன் பெய்வதில்லை என்ற கேள்வியைப் பிள்ளையே கேட்கும்.

கோடைக்கானலும் எங்களுக்கு ஏறத்தாழ அதே அட்சம் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. பள்ளிச் சுற்றுலாவில் ஸ்வெட்டர் இல்லாமல் வந்து பேருந்துக்குள்ளேயே நடுங்கிக்கொண்டிருந்த பையன்களுக்கு அட்லஸைக் காட்டி நிரூபிக்க வேண்டியிருந்தது. ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரம். ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி வீதம் வெப்பம் குறையும். பதின்மூன்று டிகிரி குறைந்தால் நடுங்காமல் என்ன செய்யும்? 9 டிகிரி வட அட்சத்தில் உள்ள அடிஸ் அபாபாவும் அதே காரணத்தால் குளிர்ந்த நகரம். உயரம், கடலின் தொலைவு, காற்றின் திசை என்ற இந்த மூன்றையும் மனத்தில் வாங்கிக்கொண்ட பிள்ளைக்கு உலகின் எந்த ஊரின் தட்பவெப்பத்தையும் ஓரளவுக்கு ஊகித்துச் சொல்லத் தெரியும். தலைநகரங்களின் பட்டியலை ஒப்பிக்கும் பிள்ளைக்கு அது தெரியாது.

பருவக்காற்றைப் பற்றி டெல்டாப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க அதிகம் வேண்டியதில்லை. அவர்களுக்குத் தெரிந்ததைப் பாடத்தோடு முடிச்சுப் போட்டால் போதும். கடைமடை என்ற சொல்லை அவர்கள் தாத்தாக்களிடமிருந்து கேட்டு வளர்ந்தவர்கள். மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறப்பது வழக்கம் என்பதும் தெரியும். எங்கள் ஊரில் வெயில் கொளுத்தும் ஜூன் மாதத்தில் அணைக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால்தான் தயங்குவார்கள். தென்மேற்குப் பருவக்காற்று குடகு மலையில் மோதி மழையைக் கொட்டிவிட்டு, காய்ந்த காற்றாக மலையிறங்கி வருவதால் நாங்கள் மழை மறைவுப் பகுதியில் இருக்கிறோம். அந்த மழையில் நமக்குள்ள பங்கு ஆற்றுவழியாகவே வந்து சேருகிறது. ஆண்டு மழையில் கிட்டத்தட்டப் பாதியைத் தமிழ்நாட்டுக்குக் கொடுப்பது அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவக்காற்று. நாட்டின் பெரும்பகுதிக்கு மழைக்காலம் முடியும் வேளையில் நமக்குத் தொடங்குவதை இந்தியப் பாடம் ஓரிரு வரிகளில் தாண்டிப் போகும்.

2018 நவம்பர் 16 நள்ளிரவுக்குப் பின் கஜா புயல் எங்கள் பகுதியில் கரையேறியது. பள்ளி திறந்தபின் ஏழாம் வகுப்பில் புயலைப் பற்றி யாராவது சொல்லுங்கள் என்றேன். படகுக்காரர் மகன் ஒருவன் எழுந்து, "மொதல்ல வாடை அடிச்சுது சார். அப்புறம் திடீர்னு நின்னுபோச்சு. முடிஞ்சுதுன்னு வெளிய வந்தோம். தெக்கேருந்து திருப்பி அடிச்சுது பாருங்க, அப்பதான் கூரை போச்சு" என்றான். வடக்கு அரைக்கோளத்தில் புயல் இடஞ்சுழியாகச் சுழலும் என்பதையும், நடுவே அமைதியான கண் இருக்கும் என்பதையும், மேற்கு நோக்கி நகரும் புயலின் முன்பாதியில் காற்று வடக்கிலிருந்தும் பின்பாதியில் தெற்கிலிருந்தும் வீசும் என்பதையும் விளக்க எனக்கு இருபது ஆண்டுகளாகப் படம் போதவில்லை. அவன் அரை நிமிடத்தில் விளக்கிவிட்டான். அடுத்த ஆண்டு மார்ச்சில் மொசாம்பிக்கின் பெய்ரா நகரை இடாய் புயல் தாக்கியது. தெற்கு அரைக்கோளத்தில் அது எந்தப் பக்கமாகச் சுழன்றிருக்கும் என்று அதே வகுப்பில் கேட்டேன். வலஞ்சுழி என்று பதில் வந்தது. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் திருவலஞ்சுழி இருப்பது சொல்லுக்கு வசதியாகப் போயிற்று.

நில அளவையின் வரலாறும் எங்களுக்கு அயலூர்க் கதையன்று. இந்தியா முழுவதையும் முக்கோணங்களாக அளந்த பெருமுயற்சிக்கு வில்லியம் லாம்டன் 1802இல் அடிக்கோடு, அதாவது முதல் முக்கோணத்தின் அடிப்பக்கம், அளந்தது சென்னை பரங்கிமலை அருகே. 1808இல் தொலைவிலுள்ள இடங்களின் கோணத்தை அளக்கும் தியோடலைட் என்ற அரை டன் எடையுள்ள கருவியைத் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் கயிறு கட்டி ஏற்றும்போது அது சுவரில் மோதி நசுங்க, அவரே பல வாரம் உட்கார்ந்து அதைப் பழுது பார்த்தார். அந்த வேலையின் தொடர்ச்சியாகத்தான் எவரெஸ்ட் சிகரத்தின் உயரத்தை 1852இல் ராதாநாத் சிக்தர் கணக்கிட்டார். ஆண்டுதோறும் பெரிய கோயிலுக்குச் சுற்றுலா அழைத்துப் போகிறோம், நந்தியின் எடையைச் சொல்கிறோம், இதைச் சொல்வதில்லை.

பள்ளிச் சுவர்களில் தொங்கும் படங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நான் கடைசியாகப் பணியாற்றிய பள்ளியில் தமிழ்நாட்டுப் படத்தில் 32 மாவட்டங்கள்தான் இருந்தன. 2020 டிசம்பரில் மயிலாடுதுறை 38ஆவது மாவட்டமானது. இந்தியப் படத்தில் தெலங்கானாவே இல்லை. உலகப் படத்தில் 2011இல் பிறந்த தென்சூடானும் இல்லை. அதே உலகப் படத்தில் கிரீன்லாந்து ஆப்பிரிக்காவுக்குச் சமமாக விரிந்து கிடக்கும். 1569இல் மெர்கேட்டர் மாலுமிகளுக்காக வரைந்த முறை அது. துருவத்தை நெருங்க நெருங்க நிலத்தை ஊதிப் பெரிதாக்கும். உண்மையில் ஆப்பிரிக்கா கிரீன்லாந்தைப் போல ஏறத்தாழ பதினான்கு மடங்கு. நம் இந்தியாவே அதைப்போல ஒன்றரை மடங்கு. கைப்பேசியில் பிள்ளைகள் பார்க்கும் படங்களும் பெரும்பாலும் அந்த முறையைச் சார்ந்தவைதான். தில்லியிலிருந்து சான்பிரான்சிஸ்கோவுக்கு மிகக் குறுகிய வழி வடதுருவப் பகுதி வழியாகப் போகிறது என்பதைச் சுவர்ப்படத்தால் காட்ட முடியாது. புவிமாதிரியில் ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் கண்முன் தெரிந்துவிடும். அப்படியொரு புவிமாதிரி எங்கள் பள்ளியில் இருந்தது. தலைமையாசிரியர் அறைப் பீரோவின் மேல், உடைந்துவிடும் என்று பிளாஸ்டிக் உறை கழற்றாமல்.

ஆகையால் பாடநூல் எழுதுவோரிடமும் வினாத்தாள் அமைப்போரிடமும் நான் வேண்டுவது சிறிது. நீளம், பரப்பு, உயரம் என்று எந்த எண்ணை அச்சிட்டாலும் அது எந்த ஆண்டு, எந்த அளவையில் எடுக்கப்பட்டது என்பதைப் பக்கத்திலேயே அச்சிடுங்கள். ஆறாம் வகுப்பின் முதற்பாடமாகப் பள்ளி வளாகத்தைக் காலடியால் அளந்து வரையும் பாடத்தை வையுங்கள். பேரண்டம் ஓராண்டு காத்திருக்கும். பத்தாம் வகுப்பு வினாத்தாளில் வெற்று நிலவரைபடத்தில் இடத்தைக் குறிக்கச் சொல்லும் வினாக்களோடு, குறித்த இரண்டு இடங்களில் எங்கே மழை அதிகம், ஏன் என்று கேட்கும் ஒரு வினாவையும் சேருங்கள். திருத்துவது கடினம் என்று ஆசிரியர்கள் குறைப்படுவார்கள். நானும் அப்படிக் குறைப்பட்டவன்தான். வரலாறு படித்துவந்த ஆசிரியரே புவியியலையும் நடத்த நேரும் பள்ளிகளில் அவர்களுக்கு இரண்டு நாள் களப் பயிற்சி கொடுத்தால் அந்தப் பயம் பாதி தெளியும். இந்திய நில அளவைத் துறையின் பல படத்தாள்களை இன்று இணையத்திலிருந்தே இறக்கிக்கொள்ளலாம்; எங்கள் காலத்தில் ஒரு தாளைக் கண்ணால் பார்ப்பதற்கே கல்லூரிக்குப் போக வேண்டியிருந்தது.

அந்தப் பெண் அரையாண்டுத் தேர்வில் 7,516.6 என்றே எழுதப்போகிறாள். பக்கத்தில் 1:45,00,000 என்று குறித்துவைக்கட்டுமா என்று கேட்டாள், குறித்துவை என்றேன். மதிப்பெண் குறைந்தால் பொறுப்பு என்னுடையது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சமூக அறிவியல் ஆசிரியர்,
வேதாரண்யம் வட்டம்.